பச்சைச் சட்டையிலிருந்து ஊதாவுக்கு: பிரெட் ஃபார்வ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கும் நண்பர்கள் எப்படியோ சில வாரங்களில் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். பதினாறு வருடம் ஓர் அணிக்கு ஆடி, அந்த ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த ஒருவர், நாற்பதைத் தொடும் வயதில் அந்த அணியின் பரம வைரியிடம் போய்ச் சேர்ந்த கதை. பிறகு எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் ஓயும் என்பதால் இந்தப் பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அவர் விட்டுப்போன பச்சைச் சட்டை அணியான பேக்கர்ஸின் ரசிகன். அவர் போய்ச் சேர்ந்த ஊதா அணி வைக்கிங்ஸ். நடுநிலையாக எழுதத்தான் பார்க்கிறேன். சில இடங்களில் முடியாது.

யார் இந்த பிரெட் ஃபார்வ்?

மிசிசிப்பி மாநிலத்தில் கில்ன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், 1969இல் பிறந்தவர். ஆடியது குவார்ட்டர்பேக் இடத்தில், அதாவது பந்தை எறிகிறவர். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வி’ முன்னால் வரும், ‘ஆர்’ பின்னால் வரும். சொல்லும்போது இரண்டும் இடம் மாறிவிடும். அதனால் ‘ஃபேவர்’ என்று படித்துவிடாதீர்கள், ‘ஃபார்வ்’தான்.

1991இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அவரை எடுத்தது. அங்கே அவர் எறிந்த பந்துகளில் ஒன்றுகூடத் தன் அணிக்காரர் கையில் போய்ச் சேரவில்லை, இரண்டை எதிரணி பிடித்தது. அடுத்த வருடமே கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கைமாறினார். 1992 செப்டம்பர் 27 முதல் பேக்கர்ஸின் எல்லா ஆட்டத்திலும் அவர்தான் தொடக்க ஆட்டக்காரர். கட்டை விரல் உடைந்தாலும் கணுக்கால் வீங்கினாலும் ஒரு ஆட்டம் விட்டதில்லை. அந்த அணிக்கு மட்டும் தொடர்ச்சியாக 253 லீக் ஆட்டங்கள். 1995, 1996, 1997 என்று மூன்று வருடம் அடுத்தடுத்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது (மூன்றாவது முறை பேரி சாண்டர்ஸோடு பகிர்ந்துகொண்டார்). 1997 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 35-21 என்று வென்று சூப்பர் பவுல், அதாவது பருவத்தின் இறுதி ஆட்டக் கோப்பை.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு விருதுகள் மட்டும் காரணமில்லை. 2003 டிசம்பரில் அவருடைய அப்பா திடீரென்று இறந்துபோனார். மறுநாள் ஓக்லாந்தில் ஆட்டம். ஆட வந்தார், 399 யார்டு எறிந்தார், நான்கு டச்டவுன் போட்டார், 41-7 என்று ஜெயித்தார்கள். அன்று எதிரணியின் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இந்த ஆட்டமே புரியாது. எவ்வளவு தெரிந்தால் போதும்?

குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை, கை இரண்டும். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும், யாருக்கு எறிவது என்பதை அவர் இரண்டு மூன்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். எறிந்ததைத் தன் ஆள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்தால் டச்டவுன். எதிராளி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன், பந்து அவர்களுடையது. ஃபார்வ் இந்த இரண்டிலும் மன்னன். ஓய்வு பெற்றபோது டச்டவுன் எறிகளில் முதலிடம், இன்டர்செப்ஷன்களிலும் முதலிடம். இது போதும், மேலே படிக்கலாம்.

பேக்கர்ஸுக்கும் வைக்கிங்ஸுக்கும் அப்படி என்ன பகை?

பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். விஸ்கான்சினில் பேக்கர்ஸ், மினசோட்டாவில் வைக்கிங்ஸ். ஒரே பிரிவில் இருப்பதால் ஒவ்வொரு வருடமும் கட்டாயம் இரண்டு முறை மோத வேண்டும், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. எல்லையோர ஊர்களில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் பச்சை, தம்பி ஊதா.

கிரீன் பே ஒரு லட்சம் பேர் வாழும் சின்ன நகரம். அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பங்கு வாங்கிய ரசிகர்கள்தான் சொந்தக்காரர்கள். அந்தப் பங்கில் லாபமும் வராது, விற்கவும் முடியாது. சட்டம் போட்டு மாட்டிச் சுவரில் தொங்கவிடலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆட்டக்காரர் போவது வெறும் வேலை மாற்றமாகத் தெரியாது. வைக்கிங்ஸோ நான்கு முறை சூப்பர் பவுலுக்குப் போய் நான்கிலும் தோற்றவர்கள். அதைச் சொல்லிக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம் இல்லைதான்.

2008இல் ஓய்வு பெற்றவர் ஏன் திரும்பி வந்தார்?

2007 பருவம் அவருக்கு அருமையாக அமைந்தது, அணி 13-3 (பதின்மூன்று வெற்றி, மூன்று தோல்வி). 2008 ஜனவரியில் சொந்த மைதானத்தில், உறையும் குளிரில், நியூயார்க் ஜயன்ட்ஸோடு அரையிறுதி மாதிரியான ஆட்டம். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்தை எதிராளி பிடித்தார், ஜயன்ட்ஸ் 23-20 என்று ஜெயித்தது. பேக்கர்ஸ் சட்டையில் அவருடைய கடைசி எறி அதுதான்.

மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். ஆடத் தெம்பு இருக்கிறது, ஆட வேண்டும் என்று தோன்றவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஜூலை வந்ததும் தோன்றிவிட்டது. அதற்கு முந்தைய சில வருடங்களிலும் பருவம் முடிந்ததும் “வருவேனா மாட்டேனா” என்று மதில் மேல் பூனையாக இருந்தவர்தான். கோடையில் உடம்பு ஆறியதும் மனது மாறுவது, விளையாடி ஓய்ந்த யாருக்கும் புரியும். ஆனால் அணி நடத்துகிறவர்களுக்கு அது தலைவலி.

பேக்கர்ஸ் ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை?

ஆரன் ராட்ஜர்ஸ் என்ற இளைஞர் காத்திருந்தார். 2005இல் எடுக்கப்பட்டு மூன்று வருடம் ஃபார்வுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். மார்ச்சில் ஃபார்வ் போய்விட்டார் என்று நம்பி, பொது மேலாளர் டெட் தாம்ப்சனும் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியும் முழுத் திட்டத்தையும் ராட்ஜர்ஸைச் சுற்றிப் போட்டுவிட்டார்கள். ஜூலையில் “நான் வந்துட்டேன்” என்றால்?

அவர்கள் முடிவு சரி என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. அன்று இதைச் சொன்னவர்கள் குறைவு. அந்த 2008 பருவத்தில் ராட்ஜர்ஸ் தலைமையில் அணி 6-10 என்று முடித்தபோது எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?

கதையின் முடிச்சே இதுதான். ஒப்பந்தக் காலம் மீதியிருக்கும்போது ஒருவர் ஓய்வு பெற்றால் ஒப்பந்தம் ஒழிந்துவிடாது, உறங்கப் போகும். திரும்பி வந்தால் அதே அணிக்குத்தான் வர வேண்டும், லீக் ஆணையரிடம் எழுதிக் கேட்க வேண்டும். ஃபார்வ் கேட்டது “என்னை விடுவித்துவிடுங்கள்” என்பது. விடுவித்தால் மறுநாளே வைக்கிங்ஸுக்குப் போவார் என்று பேக்கர்ஸுக்குத் தெரியும். வைக்கிங்ஸ்காரர்கள் விதியை மீறி அவரோடு முன்கூட்டியே பேசினார்கள் என்று லீக்கில் புகாரும் கொடுத்தார்கள். விசாரித்த லீக், மீறல் ஏதுமில்லை என்றது.

ஆகஸ்டு முதல் வாரம் கூத்து உச்சத்துக்குப் போனது. ஆணையர் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார், ஃபார்வ் விமானத்தில் கிரீன் பே வந்து இறங்கினார், ரசிகர்கள் கூடினார்கள், மெக்கார்த்தியோடு மணிக்கணக்கில் பேச்சு. ஆடாமல் வீட்டோடு இருந்தால் விளம்பரத் தூதர் மாதிரி ஒரு பல ஆண்டு ஒப்பந்தம் தருகிறோம் என்று அணி சொன்னதாகவும் அப்போது செய்தி வந்தது. அது உண்மையானால் எனக்கு அந்த யோசனைதான் எல்லாவற்றிலும் கேவலமாகப் படுகிறது. ஆட வந்தவனிடம் “சும்மா இரு, சம்பளம் தருகிறேன்” என்பது.

கடைசியில் நியூயார்க் ஜெட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ஜெட்ஸ் லீக்கின் மறு பாதியில் இருக்கும் அணி, பேக்கர்ஸோடு அபூர்வமாகத்தான் மோதும். ஜெட்ஸ் அவரை வைக்கிங்ஸுக்குக் கைமாற்றினால் முதல் சுற்றுத் தேர்வுகள் (புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் உரிமை) மூன்றை பேக்கர்ஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு முள் வைத்தார்கள் என்று பரவலாகச் செய்தி வந்தது.

ஜெட்ஸில் என்ன ஆனது?

8-3 என்று தொடங்கி 9-7இல் முடிந்தது. வலது தோளுக்கருகே தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடினார். 22 டச்டவுன், 22 இன்டர்செப்ஷன். 2009 பிப்ரவரியில் மறுபடியும் ஓய்வு.

அப்புறம் வைக்கிங்ஸ் கைக்கு எப்படிப் போனார்?

ஏப்ரல் இறுதியில் ஜெட்ஸ் அவரை விடுவித்துவிட்டது. முள் கைமாற்றத்துக்குத்தான், விடுவிப்புக்கு இல்லை. ஒரு வருடம் முன்பு கேட்டது இப்போது கிடைத்துவிட்டது. மே மாதம் கையில் ஒரு சிறு அறுவை சிகிச்சை, ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களோடு பயிற்சி. ஜூலை 28இல் வைக்கிங்ஸிடம் “வரவில்லை” என்று சொல்லிவிட்டார். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்டோம். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டு 18, வைக்கிங்ஸ் தலைமைப் பயிற்சியாளர் பிராட் சைல்ட்ரஸ் தானே வண்டி ஓட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய் அவரை ஏற்றி வந்தார். மேலே தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள் துரத்திக்கொண்டே வந்தன. அன்று மாலையே ஊதாத் தலைக்கவசத்தோடு பயிற்சியில் நின்றார். பயிற்சி முகாமின் கடுமையான வாரங்கள் அதற்குள் முடிந்திருந்தன. அது தற்செயல் என்று யாரும் நம்பவில்லை.

ஏன் வைக்கிங்ஸ்தான்? பழிவாங்கவா?

பழி உணர்ச்சி துளியும் இல்லை என்று சொன்னால் சின்னக் குழந்தைகூட நம்பாது. ஆனால் அது மட்டும் என்றால் கதையைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

2008இல் வைக்கிங்ஸ் 10-6 என்று பிரிவை வென்ற அணி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஏட்ரியன் பீட்டர்சன், எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்த ஜாரெட் ஆலன், முன்வரிசையில் ஸ்டீவ் ஹட்சின்சன். குறை ஒன்றே ஒன்று, குவார்ட்டர்பேக். அதைவிட முக்கியம், பாடத்திட்டம். கிரீன் பேயில் அவர் பதினாறு வருடம் படித்த ஆட்ட முறையும் சைல்ட்ரஸின் முறையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வைக்கிங்ஸின் தாக்குதல் பயிற்சியாளர் டேரல் பெவல், முன்பு கிரீன் பேயில் ஃபார்வுக்கே குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்தவர். ஆகஸ்டு பாதியில் வந்து செப்டம்பரில் ஆட வேண்டிய முப்பத்தொன்பது வயதுக்காரருக்கு, புது மொழி கற்க வேண்டாத இடம் நாட்டிலேயே இது ஒன்றுதான். பகை அணி என்பது இந்தக் கணக்கில் கடைசி வரியாகக்கூட இருந்திருக்கலாம்.

அந்த வயதில் உருப்படியாக ஆடினாரா?

அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பருவங்களில் ஒன்று, என்ன செய்ய! 33 டச்டவுன், வெறும் 7 இன்டர்செப்ஷன், 4,202 யார்டு, அணி 12-4. மூன்றாவது ஆட்டத்திலேயே சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகக் கடைசி சில நொடிகளில் 32 யார்டு எறிய, கிரெக் லூயிஸ் எல்லைக்கோட்டு விளிம்பில் கால் விரலை ஊன்றிப் பிடித்தார், 27-24.

பழைய அணியோடு மோதிய ஆட்டங்கள்?

முதலாவது அக்டோபர் 5, திங்கள் இரவு, மினியாபொலிஸில். ஃபார்வ் 31 எறியில் 24ஐச் சேர்த்தார், மூன்று டச்டவுன். ஜாரெட் ஆலன் ராட்ஜர்ஸை நாலரை முறை வீழ்த்தினார் (அரை என்பது இன்னொருவரோடு சேர்ந்து வீழ்த்தியது). மொத்தம் எட்டு முறை ராட்ஜர்ஸ் தரையில். அப்படியும் 384 யார்டு எறிந்தார் அந்தப் பிள்ளை. வைக்கிங்ஸ் 30-23. இந்த வெற்றியோடு லீக்கின் 32 அணிகளையும் வென்ற முதல் குவார்ட்டர்பேக் ஆனார் ஃபார்வ். பட்டியலில் மிச்சமிருந்த ஒரே பெயர் அவர் வளர்ந்த வீடு.

அந்த ஆட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. பீட்டர்சன் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிக்கொண்டு 42 யார்டு ஓடி டச்டவுன் போட்டார் பேக்கர்ஸின் புதுப்பையன் கிளே மேத்யூஸ். ஃபார்வைக் கொடுத்ததற்கு ஜெட்ஸிடமிருந்து வந்த மூன்றாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்துத்தான், 2009 தேர்வில் மேலே ஏறி மேத்யூஸைப் பிடித்திருந்தார்கள். ஃபார்வை விற்ற காசில் வந்த ஆள், ஃபார்வ் கண்ணெதிரே.

இரண்டாவது நவம்பர் 1, கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டில். 70,000 பேருக்கு மேல். அவர் சுரங்கப் பாதையிலிருந்து வெளியே வந்ததும் எழுந்த கூச்சலைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். பதினாறு வருடம் அவர் பெயரைச் சொல்லிக் கத்திய அதே தொண்டைகள். முதலில் 24-3 என்று வைக்கிங்ஸ் ஓடியது, பேக்கர்ஸ் துரத்தி 24-20 வரை வந்தது. கடைசியில் 38-26. ஃபார்வ் நான்கு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை.

கோப்பை கிடைத்ததா?

இல்லை. டல்லாஸை 34-3 என்று நசுக்கிவிட்டு, 2010 ஜனவரி 24இல் நியூ ஆர்லியன்ஸ் போனார்கள். ஜெயித்தால் சூப்பர் பவுல். அன்று அந்த ஊர் அணியான செயின்ட்ஸின் தடுப்பாட்டக்காரர்கள் அவரைப் பந்து கையை விட்ட பின்னும் மேலும் கீழும் அடித்தார்கள், கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டே ஆடினார். செயின்ட்ஸில் எதிராளியைக் காயப்படுத்தினால் பணம் என்ற ஏற்பாடு 2009 முதல் நடந்தது என்று 2012இல் லீக் முடிவு செய்து, தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை ஒரு முழுப் பருவம் இடைநீக்கம் செய்தது. அடி வாங்கியது பகை அணியாக இருந்தாலும் அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

28-28. பத்தொன்பது நொடி மிச்சம். பந்து செயின்ட்ஸ் பக்கம் 33ஆம் யார்டில், ஒரு நீண்ட ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது வைக்கிங்ஸ் கூட்டத்தில் பதினொருவருக்குப் பதில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அபராதம், ஐந்து யார்டு பின்னால், 38. அடுத்து ஃபார்வ் வலப்பக்கம் நொண்டி ஓடி, உடம்புக்குக் குறுக்கே நடுவில் எறிந்தார். டிரேசி போர்ட்டர் பிடித்தார். கூடுதல் நேரத்தில் நாணயச் சுழற்சியில் ஜெயித்த செயின்ட்ஸ் முதல் வாய்ப்பிலேயே ஃபீல்டு கோல் அடித்து 31-28. வைக்கிங்ஸ் பந்தைத் தொடவே இல்லை. இரண்டு மாதத்தில் லீக் பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) கூடுதல் நேர விதியை மாற்றியது.

அந்த எறி அவ்வளவு முட்டாள்தனமா?

ஆம். நான்கு யார்டு முன்னால் ஓடி விழுந்திருந்தாலும் ஃபீல்டு கோலுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். ஓடிக்கொண்டே குறுக்கே எறியாதே என்பது பள்ளிக்கூடப் பையனுக்கே முதல் பாடம். ஆனால் ஒன்று, பதினெட்டு வருடம் அதே மாதிரி எறிகளில்தான் அவர் பாதி ஆட்டங்களை ஜெயித்திருக்கிறார். பதினாறு வருடம் அதையெல்லாம் ரசித்த எங்களுக்கு அன்று சிரிக்க உரிமை இல்லை. சிரித்தோம்.

2010இல் ஏன் மறுபடியும் வந்தார்?

மூன்று சக ஆட்டக்காரர்கள் மிசிசிப்பிக்கே விமானத்தில் போய் அழைத்து வந்தார்கள். வந்திருக்கக் கூடாது. 11 டச்டவுன், 19 இன்டர்செப்ஷன். நவம்பரில் பேக்கர்ஸிடம் 31-3 என்று தோற்ற மறுநாள் சைல்ட்ரஸுக்கு வேலை போனது. டிசம்பரில் பனிச்சுமை தாங்காமல் வைக்கிங்ஸ் மைதானத்தின் கூரையே கிழிந்து விழுந்தது. அடுத்த நாள் டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்ட ஆட்டத்தில் தோள் காயத்தால் ஃபார்வ் இறங்கவில்லை. 1992இல் தொடங்கிய தொடர் 297 லீக் ஆட்டங்களோடு நின்றது. ஒரு வாரம் கழித்து, கூரையில்லாத பல்கலைக்கழக மைதானத்தில், சிகாகோக்காரர் ஒருவர் வீழ்த்தியதில் தலை உறைந்த தரையில் மோதியது. அதுதான் கடைசி ஆட்டம்.

அதே பருவம், 2011 பிப்ரவரி 6இல், ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்கை 31-25 என்று வென்று பேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

வேறு யாராவது இப்படிப் போயிருக்கிறார்களா?

ஏராளம். ரெய்டர்ஸின் மார்கஸ் ஆலன் 1993இல் அதே பிரிவின் கேன்சஸ் சிட்டிக்குப் போய் ஐந்து வருடம் ஆடினார். உதைபந்தாட்டத்தில் 2011இல் மிலான் போகவிட்ட பிர்லோ, யுவென்டஸுக்குப் போய் முதல் பருவத்திலேயே தோல்வியில்லாமல் பட்டம் வாங்கினார். செல்சியின் அதிக கோல் அடித்த லாம்பார்டு 2014இல் மான்செஸ்டர் சிட்டி சட்டையில் செல்சிக்கு எதிராகவே 85ஆம் நிமிடம் சமன் செய்தார், கொண்டாடாமல் நின்றார். செல்சி ரசிகர்கள் கைதட்டினார்கள். இங்கிலாந்துக்காரர்கள் எங்களைவிடப் பெருந்தன்மையானவர்கள் போலிருக்கிறது.

கடைசியாக, அது துரோகமா இல்லையா?

வேண்டாம் என்று அனுப்பிய அணிக்கு எப்படித் துரோகம் செய்ய முடியும்? கிரீன் பேயில் கோபம் அவர் போனதற்காக என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்ச்சில் அவர் அழுதபோது ஊரே சேர்ந்து அழுதது, ஜூலையில் அந்த அழுகை செல்லாக் காசாகிவிட்டது. அந்த வெட்கம்தான் கோபமாக மாறியது. பேக்கர்ஸ் 2008இலேயே அவரை விட்டிருந்தால் ஒரு வருடக் கூத்து மிச்சமாகியிருக்கும், ஆனால் ராட்ஜர்ஸின் முதல் வருடத்திலேயே இரண்டு முறை அடி வாங்கியிருப்போம். அதனால் விடாதது சரி, கெஞ்ச வைத்தது தப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது கிரீன் பேயில் சமாதானமா?

2015 ஜூலையில் அவருடைய 4ஆம் எண்ணை அணி ஓய்வுபெறச் செய்தது. ஆட்டம் ஏதும் இல்லை, விழா வேறு கூடத்தில், மைதானத்தில் திரையில்தான் பார்க்க முடியும். அதற்கே 67,000 பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். கூச்சல் வருமோ என்று பயந்துதான் அந்த விழா அத்தனை வருடம் தள்ளிப்போனது என்பார்கள். அன்று மைதானத்துக்குள் அவர் வந்தபோது கைதட்டல் நிமிடக்கணக்கில் நிற்கவில்லை.

ராட்ஜர்ஸ்?

2023இல் பேக்கர்ஸ் அவரையும் அனுப்பியது. எங்கே என்கிறீர்கள்? ஜெட்ஸுக்குத்தான். முதல் ஆட்டத்தில் நாலாவது பந்திலேயே குதிகால் தசைநார் அறுந்தது. 2025இல் ஜெட்ஸும் விட்ட பிறகு வைக்கிங்ஸுக்குப் போவார் என்று சில வாரம் பேச்சு அடிபட்டது, எனக்குத் தூக்கமே இல்லை. நல்லவேளை, பிட்ஸ்பர்க் போய்விட்டார்.